எங்கள் வீட்டுக் கேமரா உங்கள் ஆளின் செல்போனில் இருக்கிறது

அனுப்புநர்:
வாடிக்கையாளர், காந்தி நகர், காட்பாடி.

பெறுநர்:
மேலாளர், கேமரா பொருத்தும் நிறுவனம், வேலூர்.

பொருள்: டிவிஆர் (கேமரா பதிவுகளைச் சேமிக்கும் பெட்டி) கணக்கை எங்கள் பெயருக்கு மாற்றித் தருவது, முறையான பில் தருவது தொடர்பாக.

ஐயா,

போன மாதம் எங்கள் வீட்டில் 4 கேமராவும் ஒரு டிவிஆரும் பொருத்திக் கொடுத்தீர்கள். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். சத்துவாச்சாரியில் ஒருவர் உங்களைவிட 4,000 ரூபாய் குறைத்துக் கேட்டும் உங்களிடம் வந்தோம். "வெளியாளை அனுப்ப மாட்டோம், எங்கள் சொந்த டெக்னீஷியன்தான் வருவார்" என்று நீங்கள் சொன்னதுதான் காரணம். ஏணி போட்டு எல்லா அறையும் ஏறி இறங்கி, பின்கதவு எங்கே, பீரோ எங்கே என்று பார்த்துவிட்டுப் போகிறவர் யார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது, அக்காவின் செல்போனிலும் கேமராவைப் பார்க்கும்படி செய்யலாம் என்று டிவிஆரின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். ஏற்கெனவே வேறொரு கணக்கில் சேர்க்கப்பட்ட கருவி என்று ஆப் காட்டியது. என் செல்போனில் பார்த்தால், எனக்கு இருப்பது வெறும் பார்க்கும் அனுமதி மட்டும். உரிமையாளர் என்று பாதி மறைத்துக் காட்டிய எண்ணின் கடைசி இலக்கங்கள், வேலைக்கு வந்த உங்கள் டெக்னீஷியனின் எண்ணோடு ஒத்துப்போகின்றன.

உங்களுக்குப் போன் செய்தேன். "அவர் காண்ட்ராக்டில் வந்தவர் சார், இப்போ எங்ககிட்ட இல்லை" என்றீர்கள்.

சித்திரை வெயிலில் அம்மா மதியம் ஹாலில்தான் பாய் விரித்துப் படுப்பார். ஒரு கேமரா அந்த ஹாலைத்தான் பார்க்கிறது. இத்தனை நாளும் அதை யார் பார்த்திருப்பார் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. டிவிஆரின் பாஸ்வேர்டும் உங்கள் கடைப் பெயரோடு 123 சேர்த்தது. எல்லா வீட்டுக்கும் அதையே போடுவதாக அந்த டெக்னீஷியனே சொன்னார். அதை அன்றே மாற்றிவிட்டேன். ஆனால் கணக்கு அவரிடம் இருக்கும்வரை அது மட்டும் போதாது.

கணக்கை நீக்கச் சொல்லி, டிவிஆர் தயாரித்த கம்பெனியைக் கேட்டேன். சீரியல் எண் போட்ட பில்லை அனுப்பச் சொன்னார்கள். நீங்கள் தந்ததோ ஜிஎஸ்டி எண்கூட இல்லாத கொட்டேஷன் தாள். அப்புறம் இன்னொன்று: 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று பணம் வாங்கினீர்கள். உள்ளே இருப்பது அதில் பாதி, 500 ஜிபி. பேசிய நாட்களில் பாதிக்குக்கூடப் பதிவு நிற்கவில்லை.

எனவே, அந்த நபரை வரவழைத்தோ, தயாரிப்பாளருக்கு நீங்களே எழுதியோ, 7 நாட்களுக்குள் அந்தக் கணக்கை நீக்குங்கள். என் கண்ணெதிரே என் எண்ணில் டிவிஆரைப் பதிய வேண்டும். சீரியல் எண்களுடன் ஜிஎஸ்டி பில்லும், பேசியபடி ஹார்ட் டிஸ்கும் தர வேண்டும். வந்தவர் யார், எந்த ஊர் என்பதை எழுத்தில் கொடுங்கள். அதைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

தவறினால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இப்போதைக்கு இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். பெங்களூரிலிருந்து என்னாலும் வீட்டைப் பார்க்க முடியாது. அப்படியும் மனசு கேட்காமல், ஹால் கேமராவை அம்மா ஒரு துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்