தடைக்காலத்துக்கு முன் படகு பேட்டரிகளைக் கவனியுங்கள்

அண்ணன்மார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம். ஜூன் 1 முதல் மழைக்கால மீன்பிடித் தடை. மும்பை சசூன் டாக் துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டு ஊருக்கு ரயில் ஏறுமுன், வயர்லெஸுக்கும் விளக்குக்கும் ஓடும் டீப் சைக்கிள் பேட்டரிகளை (நீண்ட நேரம் சீராகக் கரண்ட் தருபவை) முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். அப்புறம் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். பாதி சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எந்த சார்ஜரும் காப்பாற்றாது.

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் சரி, 12.2 என்றால் பாதிதான். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் சார்ஜ் ஏறிய பிறகு. முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். ஆசிட் ஊற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடி வேண்டாம்.

மாற்றுவதானால் ஜோடியாகவே மாற்றுங்கள். பழையதோடு சேர்த்தால் புதியதும் சீக்கிரம் படுத்துவிடும். மலிவு என்று லாரி பேட்டரி வாங்காதீர்கள், அது இன்ஜின் ஸ்டார்ட் செய்யத்தான். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

புதிது வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே பெயர் போடுங்கள், மொத்தமாக விலை பேசுவோம்.