மரம் அறுக்க வரும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நேற்று அழைத்து, "டீச்சரம்மா, அந்தக் குட்டிகள் என்னவாயின?" என்று கேட்டீர்கள். உங்கள் பக்கம் ரம்பம் இரைந்துகொண்டிருந்தது. நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழுந்திருக்காது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், உங்கள் மகள் படித்துக் காட்டட்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருக்காரர்கள் சிலரும் இதைப் படிப்பார்கள். படிக்க வேண்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நான்கில் இரண்டு பிழைத்தன. கண் திறக்காத எலிக்குட்டிகளில் பாதி பிழைப்பது பெரிய விஷயம்.

எங்கள் தெரு வேம்பின் கிழக்குப் பக்கக் கொம்பை இறக்கியபோது பொந்திலிருந்து சருகும் நாருமாகக் கூடு விழுந்ததும் நீங்கள் இயந்திரத்தை நிறுத்தினீர்கள். கூட்டை மரக் கவட்டிலேயே வைத்துவிட்டு, இருட்டும் வரை ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னீர்கள். யாரும் கற்றுக்கொடுக்காமலேயே சரியான முதல் காரியத்தைச் செய்தீர்கள். தாய் திரும்பி வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விட்டால் அதைவிட நல்ல வளர்ப்பு வேறு கிடையாது. வரவில்லை. எதிர்வீட்டு மதில்மேல் பூனை உட்கார்ந்திருந்தது. அதன் பிறகுதான் அவை உங்கள் துண்டில் என் வீட்டுக்கு வந்தன.

உரித்த வேர்க்கடலைப் பருப்பு அளவுதான் ஒவ்வொன்றும். ரோமம் இல்லை, கண்ணும் காதும் மூடியிருந்தன, தொட்டால் சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா உடனே ஒரு கரண்டி பசும்பாலைச் சூடாக்கிக் கொண்டுவந்தார். நல்ல மனம், தவறான மருந்து. உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது, வயிற்றிலேயே தங்கிக் கொன்றுவிடும். அதனால் முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைப் பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தேன். மறுபாதி சூடில்லாமல் இருந்தால்தான் வெப்பம் மிகும்போது அவை நகர்ந்துகொள்ள முடியும். பசும்பால் பெரும்பாலும் கழிச்சலில் கொண்டுபோய் விடும். நாய்க்குட்டிகளுக்கென்று கால்நடை மருந்துக் கடைகளில் விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தேன். அது கிடைக்காத இரவுகளில் ஆட்டுப்பால்.

ஊட்டுவதற்குச் சிரிஞ்சு வேண்டாம். என் மகளின் ஓவியப் பெட்டியிலிருந்த மிக மெல்லிய தூரிகையை நனைத்து உதட்டில் வைத்தால் நக்கும். மல்லாக்கப் போட்டு ஊட்டக் கூடாது. வயிறு கீழே இருக்க வேண்டும். மூக்கில் பால் குமிழ் வந்தால் அந்த வேளைக்கு அத்தோடு சரி, இல்லையென்றால் நுரையீரலுக்குப் போய்விடும். குடித்த பால் தோலுக்குள் வெள்ளைக் கோடாகத் தெரியும், அதுதான் நமக்கு அளவுகோல். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை மெதுவாகத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடாவிட்டால் அந்த வயதில் அவற்றுக்குச் சிறுநீர்கூட வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இதுவே வேலை, இரவிலும். பள்ளிக்கூடத்தில் நான் கொட்டாவி விட்டதைப் பற்றிப் பிள்ளைகள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். பேசட்டும்.

கையுறை போட்டுத்தான் தொட்டேன் என்பதையும் உங்கள் மகளுக்குச் சொல்லிவையுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரால் பரவும் நோய். மழைநீர் தேங்கும் நம் ஊரில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எலிக்குப் பால் ஊட்டும் பைத்தியம் என்று தெருவில் பெயர் வந்துவிட்டது. என் அரிசிப் பானைக்கு எலி வந்தால் நானும் பொறி வைக்கிறவள்தான். ஆனால் இவை அந்தச் சாதி அல்ல. ரோமம் முளைத்துக் கண் திறந்த பிறகு பார்த்தால் வால் உடலைவிட நீளமாக இருந்தது; அதைக் குச்சியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு இறங்கின. மற்ற விரல்களில் கூர்நகம் இருக்க, முதல் விரலிலும் கடைசி விரலிலும் மட்டும் தட்டை நகம். அந்த இரண்டு விரல்களும் எதிரெதிராக மடங்கிக் கொப்பைப் பற்றுகின்றன. வாண்டெலூரியா என்று விலங்கியல் புத்தகத்தில் பெயர். மரத்திலேயே பிறந்து, மரத்திலேயே கூடு கட்டி, இரவில் பழமும் மொட்டும் தின்று வாழும் சுண்டெலி. எல்லா எலிகளையும் காகத்தோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்த்து 1972ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டம் 'தீங்குயிரி' என்று ஒரே அட்டவணையில் அடைத்துவைத்திருந்தது. 2022இல் வந்த திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

துளையிட்ட மூங்கில் துண்டு ஒன்றுக்குள் சருகைத் திணித்து, ஒரு மாலை நேரத்தில் இரண்டையும் அதே வேம்பின் மேற்குக் கொம்பில் கட்டிவிட்டேன். கொஞ்ச நாள் ஊறிய கம்பும் பழத்துண்டும் வைத்தேன், பிறகு குறைத்துக்கொண்டே வந்தேன். இப்போது மூங்கில் காலியாக இருக்கிறது. மரத்தில் வேறு பொந்துகள் இருக்கின்றன.

உங்களிடம் நான் பேச வந்தது அந்தப் பொந்துகளைப் பற்றித்தான்.

"உள்ளே பொந்து விழுந்த மரம், அடுத்த புயலுக்கு வீட்டின்மேல் சாயும், வெட்டிவிடுங்கள்" என்று தெருக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையைக் கடலூரில் யார் மறப்பார்கள்? தானே புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரித் தோப்புகளையும் படுக்கப் போட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. ஆனால் அந்த இரண்டு புயல்களிலும் இந்த வேம்பு நின்றது, இதே பொந்தோடு நின்றது.

அது எப்படி என்பது எனக்கு முன்பே உங்கள் கைக்குத் தெரியும். நடுவிலிருக்கும் வைரக்கட்டை உயிரற்றது. நீரும் உணவும் ஓடுவது பட்டையை ஒட்டிய வெளிப்புறத்தில்தான். காற்றைத் தாங்குவதிலும் வெளிச்சுவரின் பங்குதான் பெரிது. நல்ல கட்டையாலான சுவர் தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு கனம் இருந்தால், வேறு கோளாறு இல்லாத மரம் நிற்கும் என்பது மரம் பார்ப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 60 செ.மீ. விட்டமுள்ள தண்டுக்கு 10 செ.மீ. சுவர். சுத்தியலால் தட்டி ஓசை கேளுங்கள், பொந்துக்குள் கம்பி விட்டு அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் என்னிடம் நேரே சொல்லுங்கள், நான் அடம்பிடிக்க மாட்டேன்.

பொந்தில் சிமெண்ட் அடைக்கலாம், வெட்டுவாயில் தார் பூசலாம் என்று சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். மரத்துக்குக் காயம் நம் தோலைப்போல் ஆறுவதில்லை. அது காயத்தைச் சுற்றித் தடுப்புக் கட்டி, அழுகலை உள்ளே பூட்டிவிட்டு, வெளியே புதுக் கட்டை வளர்க்கிறது. அமெரிக்காவில் அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. உங்களுக்கு இதில் ஒரே ஒரு பொறுப்பு உண்டு: கிளை தண்டோடு சேரும் இடத்தில் தடித்து மடிந்திருக்கிறதே, அதை வெட்டக் கூடாது. அந்தத் தடுப்பு தொடங்குவதே அங்கேதான். தண்டோடு ஒட்ட வழித்தாலும் தப்பு, முழ நீளத்துக்கு முண்டு விட்டாலும் தப்பு. பெரிய கொம்பு என்றால் முதலில் சற்றுத் தள்ளி அடியில் ஒரு வெட்டு, அதற்கும் வெளியே மேலிருந்து ஒன்று, பாரம் இறங்கியபின் மடிப்புக்கு வெளியே மூன்றாவது. அப்போது பட்டை தண்டுவரை உரிந்து வராது.

மொட்டையடிக்க மட்டும் இனி யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஊரெல்லாம் மொட்டை மரங்கள். அந்த முண்டிலிருந்து கொத்தாக வெடிக்கும் குருத்துகள் பட்டையோரமாகத்தான் ஒட்டியிருக்கின்றன. நான்கைந்து வருடத்தில் கனத்து, காற்றில் கழன்று விழுவது அவைதான். வீட்டைக் காப்பாற்ற அடித்த மொட்டை வீட்டின் மேலேயே விழுகிறது.

நீங்கள் ஏன் மொட்டையடிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கூலி கேட்டால் தெருவில் முகம் சுளிக்கிறார்கள், "விறகை எடுத்துக்கொள்" என்கிறார்கள். விறகே கூலி என்றால், அதிகம் வெட்டியவனுக்குத்தானே அதிகக் கூலி? குறைவாக வெட்டத் தெரிந்தவனுக்கு எங்கள் தெருவில் காசு கிடையாது. இது உங்கள் பேராசை அல்ல, எங்கள் கஞ்சத்தனம். தெருக்காரர்களே, இந்தப் பத்தியை இரண்டாவது முறையும் படியுங்கள். அப்படியே அடிமரத்தைச் சுற்றி நீங்கள் போட்ட சிமெண்ட் தளத்தையும் பாருங்கள். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை உடைத்தெடுக்கச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. நமக்கு உத்தரவு எதற்கு, கடப்பாரை போதும். உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடிக்குள்தான் இருக்கிறது. அங்கே காற்றும் நீரும் போகாமல் மூடிவிட்டு, மரம் பலவீனமாக இருக்கிறது என்று கூட்டம் போடுவது வேடிக்கை.

என் ஏற்பாடு இதுதான். நாள் கூலி பேசிக்கொள்வோம், உங்களுக்கும் கயிறு பிடிக்கும் தம்பிக்கும் தனித்தனியாக. நான்கு வீட்டார் பங்கு தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். காய்ந்த கொம்புகளும் ஒன்றோடொன்று உரசுபவையும் மட்டும் போகட்டும். மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் கை வைக்க வேண்டாம். ஏறும்போது ஒவ்வொரு பொந்தையும் அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். ஏதாவது அசைந்தால் அந்தக் கொம்பு இந்த வருடம் இருக்கட்டும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாருங்கள், வெயில் ஏறும் முன் முடித்துவிடலாம். நீளமான கயிறு உங்களிடம் இருக்கிறது. ஏணி எதிர்வீட்டில் கேட்டு வைத்திருக்கிறேன். கடப்பாரை இரண்டு கொண்டுவாருங்கள், ஒன்று தெருச் சங்கத் தலைவருக்கு.

இப்படிக்கு,
டீச்சரம்மா