கண்ணில் மூடியோடு வந்த அம்மாவுக்கு வழிவிட்டவர்களுக்கு

அன்புடையீர்,

மண்டூரிலிருந்து எழுதுகிறேன். என் மனைவிக்கு மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் வலக்கண் புரை ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது அவவே சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்குகிறா. டாக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் வார்ட்டிலேயே கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தோம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் இடையில் உதவினவர்களுக்குச் சொல்ல வழி கிடைக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரின் பெயரை யார் கேட்டு வைக்கிறார்கள்? அவர்களில் ஒருவரோ, அவர்களைத் தெரிந்த ஒருவரோ இதைப் படிக்கக்கூடும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் பயணம் கொஞ்சம் சிக்கல் பிடித்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூர்த் துறைக்கு வந்து, ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, குருமண்வெளியில் இறங்கி, ஓட்டோ பிடித்துக் களுவாஞ்சிகுடிக்கு வந்து, அங்கே பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே பொத்துவில் வரைக்கும் சனத்துக்கு பஸ்தான் கதி. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் இருந்து வருகிற பஸ், களுவாஞ்சிகுடிக்கு வரும்போதே நிறைந்திருக்கும். அதில் ஏறுகிற கிழவன் கிழவிக்கு யாராவது எழும்பினால்தான் சீற். பாதையில் எங்களைக் கைபிடித்து ஏற்றி இறக்கிய பிள்ளைகளுக்கும், ஓட்டோவை மணலில் நிறுத்தாமல் தார் ரோட்டு ஓரம் வரை கொண்டுவந்துவிட்ட தம்பிக்கும் முதல் நன்றி.

நான் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) டிப்போ ஒன்றில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகையால், பஸ்ஸில் முதியோருக்கு மரியாதை என்றதும் எல்லாரும் சீற்றைப் பற்றியே கதைப்பது எனக்குப் பாதிக் கதையாகத்தான் படும். சீற் தருவது பயணியின் மனசைப் பொறுத்தது. வயதாளி விழாமல் ஏறி இருப்பது சாரதியின் இடக்காலைப் பொறுத்தது. கிளச்சை எப்போது விடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாரதிக்கு ஏன் அந்த அவசரம் என்று பஸ் நிற்கிற ஹோல்ட்டில் காத்து நிற்பவருக்குத் தெரியாது. ஒரு பஸ் சுணங்கினால், பின்னால் வருகிறவன் முந்திப் போய் அடுத்த ஹோல்ட்டில் நிற்கிற ஆட்களை அள்ளிவிடுவான். தனியார் பஸ்ஸென்றால் முதலாளிக்குக் கட்டுகிற காசு போக மிச்சம்தான் அவர்களுக்கு. இ.போ.ச. என்றால் டைம்கீப்பர் கேட்பான், ஏன் பிந்தினாய் என்று. அரை நிமிஷம் பொறுத்தால் அது அவர்கள் சட்டைப்பையில்தான் கழியும். இது தெரிந்ததால்தான் ஒப்பரேஷனுக்குப் போன அன்று காலை எங்களை ஏற்றிய பஸ் சாரதிக்கு நான் இவ்வளவு கடமைப்பட்டதாக உணர்கிறேன்.

அன்று கைகாட்டினோம். கைத்தடியையும் கிளினிக் கொப்பி வைத்த பையையும் கண்டிருப்பார் போல. வழக்கமாக ரோட்டின் நடுவிலேயே பிறேக் அடித்து நிறுத்துவார்கள். அப்போது மிதிபலகை தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும். இவர் பஸ்ஸை இடதுபக்கமாக ஒடித்து, உயர்த்திக் கட்டிய ஓரக் கட்டோடு ஒட்டினாற்போல் கொண்டுவந்து நிறுத்தினார். பலகை ஒரு சாண் பதிந்த மாதிரி ஆகிவிட்டது. என் மனைவி இரண்டாம் படியில் நிற்கும்போது, பின்னால் இருந்து யாரோ “ரைட்” என்று பழக்கத்தில் கத்தினார்கள். கொண்டக்டர் பொடியன் உடனே, “அண்ணே, கொஞ்சம் பொறுங்க. அம்மா இருக்கட்டும், மறுகா எடுங்க” என்றான். சாரதி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ உட்கார்ந்து கம்பியைப் பிடித்த பிறகுதான் பஸ் அசைந்தது. சில்லுக்கு மேலே வருகிற சீற்றிலிருந்து ஒருவரை எழுப்பித் தரப் பார்த்த அந்தக் கொண்டக்டர், “இதில தூக்கிப் போடும்” என்று தானே மனம் மாறி, நடுவில் இடம் எடுத்துத் தந்தான். இவ்வளவு நுணுக்கம் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. எங்கோ வீட்டில் ஒரு அம்மம்மாவோடு வளர்ந்த பிள்ளை.

முன்னொருமுறை நடந்ததைச் சொன்னால் இதன் அருமை விளங்கும். வேறொரு பஸ், யாருடையது என்பது இப்போது வேண்டாம். இவ ஒரு கால் படியிலும் ஒரு கால் காற்றிலுமாக இருக்கும்போதே எடுத்துவிட்டான். விழுந்திருப்பா. வெற்றிலைக் கூடையோடு வாசலில் நின்ற களுதாவளைப் பெண்மணிதான் கூடையை விட்டுவிட்டு இவவைக் கட்டிப் பிடித்தா. வெற்றிலை பாதி நசிந்தது. “வெத்தில போனாப் போகட்டும் கா, நீங்க இரிங்க” என்றா. காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. தங்கச்சி, உங்களுக்கும் இந்த மடலில் பங்குண்டு.

இனித் திரும்பி வந்த நாள். கண்ணில் பிளாஸ்ரிக் மூடி, மேலே பிளாஸ்டர். ஒரு கண் மூடியிருந்தால் படியின் உயரத்தை மட்டுக்கட்ட முடியாது. தரை எங்கே, படி எங்கே என்று கால் தேடும். குனியக் கூடாது, கசக்கக் கூடாது, கண்ணில் எதுவும் தட்டக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடமும் கந்தோரும் விட்ட நேரம். மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டிலேயே ஆள் நிறைந்துவிட்டது. வெள்ளைச் சீருடையில் இருந்த இரண்டு மாணவிகள் நாங்கள் கேட்காமலே எழும்பினார்கள். ஜன்னலோரம் என்றால் காற்றும் தூசியும், நடைபாதையோரம் என்றால் ஏறி இறங்குகிறவர்களின் முழங்கையும் பையும். யோசித்து ஜன்னலோரத்துக்கு நான் போய், அவவை நடைபாதைப் பக்கம் இருத்தினேன். இருத்திய பிறகுதான் பயம் பிடித்தது.

அப்போதுதான் அந்தக் காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து நின்றார். தொப்பி போட்டவர், துணிப் பார்சல் ஒன்று கையில். நிலைமையைப் பார்த்தார். பார்சலைக் காலடியில் வைத்தார், இவவின் தலைக்கு மேலே சீற்றுக் கம்பியில் ஒரு கையும் மேல் கம்பியில் ஒரு கையுமாக வளைத்துப் பிடித்துக்கொண்டார். “கண் ஒப்பரேஷன் செய்த உம்மா இரிக்காங்க, தட்டாமப் போங்க” என்று போகிற வருகிற எல்லாருக்கும் சொன்னார். கல்லடிப் பாலம் தாண்டும்போது பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. சனம் முழுக்க அவர் முதுகில் சாய்ந்தது. மனிதர் அசையவில்லை.

காத்தான்குடியில் பேரீச்சை மரங்கள் தெரியத் தொடங்கியதும் எனக்கு மறுபடி கவலை, இவர் இறங்கிவிடுவாரே என்று. அவர் இறங்குமுன், கல்லடியில் வயலின் பெட்டியோடு ஏறிய மாணவனின் தோளில் தட்டி, “தம்பி, நீங்க இதில நில்லுங்க. எங்க இறங்கிற? குருக்கள்மடமா? சரி, இறங்கக்குள்ள வேற ஆளிட்டச் சொல்லித்துப் போங்க” என்றார். அந்தப் பிள்ளை வயலின் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு அதே மாதிரிக் கையை வளைத்து நின்றது. குருக்கள்மடத்தில் அவனும் சொன்னபடி இன்னொருவரை நிறுத்திவிட்டு இறங்கினான். மூன்றாவதாக நின்றவர் மீன் வியாபாரி. அங்கிருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும் வெற்றிலை வாயோடு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். டிப்போவில் ஷிப்ட் மாறும்போதுகூட இவ்வளவு ஒழுங்காகப் பொறுப்புக் கைமாறி நான் பார்த்ததில்லை.

எழும்பாமல் இருந்தவர்களும் இருந்தார்கள். காதில் வயர் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியவரைப் பற்றி ஊரே ஏசும். நான் ஏசமாட்டேன். இரவு வேலை முடித்த தாதியும், விடியச் சாமத்தில் எழும்பிப் போன ஆடைத்தொழிற்சாலைப் பிள்ளையும் அதே பஸ்ஸில்தான் வருகிறார்கள். எல்லா வருத்தமும் நரைத்த தலையில்தான் இருக்கும் என்றில்லை. நித்திரை போல நடிக்கிறவர்களையும் எனக்கு அடையாளம் தெரியும், அவர்கள் தங்கள் ஹோல்ட் வந்ததும் சரியாக முழிப்பார்கள்.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 60 வயது கடந்தால் அடையாள அட்டை தருகிறார்கள், என்னிடமும் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இந்த நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் எங்கள் வயதுக்காரர். இப்போது இன்னும் கூடியிருக்கும். முன் சீற்றுக்கு மேலே மதகுருமாருக்கென்று எழுதியிருக்கிற மாதிரி எங்களுக்கும் எல்லா பஸ்ஸிலும் எழுதினால் நல்லதுதான். எழுதும்வரை காக்கா மாதிரி ஆட்கள் நிற்கட்டும்.

கடைசியாக ஒரு வேலை. களுவாஞ்சிகுடியில் இறங்கும்போது மழை பிடித்துவிட்டது. எங்களோடு இறங்கிய ஒரு பிள்ளை, கந்தோரில் வேலை செய்கிறவ போல, தன் குடையை விரித்து என் மனைவியின் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டது. “பாவம் அந்தப் புள்ள, நனைஞ்சிற்றுப் போகுது” என்று இவ சொல்லி முடிக்குமுன் ஆளைக் காணவில்லை. ஊதா நிறக் குடை, ஒரு கம்பி நூலால் கட்டியது. காய வைத்து மடித்து, களுவாஞ்சிகுடிச் சந்தி ஓட்டோ ஸ்டாண்டில் கொடுத்து வைத்திருக்கிறோம். மண்டூர் ஐயாவின் குடை என்று கேட்டால் தருவார்கள். கம்பியையும் திருத்தியாயிற்று. மகள், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்; இடக்கண் ஒப்பரேஷனுக்குத் திகதி தந்திருக்கிறார்கள், அதற்கு நாங்கள் சொந்தக் குடை கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஓய்வுபெற்ற டைம்கீப்பர் ஒருவரும் அவர் மனைவியும்,
மண்டூர்.