இசைக் கார்டு (chord) குறியீடுகள் வாசிப்பவருக்குப் புரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசையைத் தட்டச்சு செய்தே தாளாக்க உதவும் லிலிபாண்ட் என்னும் கட்டற்ற மென்பொருள், 'சி மேஜர் செவன்' கார்டை (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) 'சி' எழுத்துடன் சிறு முக்கோணமாக அச்சிடுகிறது. ஜாஸ் கலைஞர்களுக்குப் பழகிய அந்தக் குறி, கிதார் பழகத் தொடங்கும் மாணவர்களைத் திகைக்க வைக்கிறது. 'மேஜர்செவன்சிம்பல்' என்ற அமைப்பில் நாம் விரும்பும் எழுத்துகளைக் கொடுத்தால் முக்கோணம் போய்விடும். பிற கார்டுகளும் நாம் விரும்பும் வடிவில் அச்சாக, விதிவிலக்குப் பட்டியல் எழுதிச் சேர்க்கலாம். கார்டுகளுக்குப் பெயரிடும் ஜெர்மானிய முறையைத் தேர்ந்தால் 'பி' என்பது 'எச்' ஆகிவிடும் என்பதால், அதில் மிகுந்த கவனம் தேவை. இசைப் பள்ளிகளும் பாடகர் குழுக்களும் இவ்வமைப்புகளைத் தனிக் கோப்பில் எழுதி, எல்லாப் பாடல்களிலும் அதையே இணைத்து, ஒரே சீரான தாள்களை மாணவர்களுக்கு வழங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர் ஒருவர்