கிலுகிலுப்பையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு

சேர்வராயன் மலையடிவாரத்தில், குப்பனூர் பக்கம் மாடு வைத்துப் பிழைக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். கிலுகிலுப்பை என்ற விஷச்செடியைத் தின்று பசு ஒன்று செத்துவிட்டது. மற்ற மாடுகள் தப்பியது சிலர் புண்ணியத்தில்தான்.

முதலில் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைத்ததும் வண்டியோடு வந்த டாக்டரம்மா. தீனி எடுக்காமல் இளைத்து, கண் மஞ்சளாகி, சுவரில் தலையை முட்டியபடி நின்ற பசுவைப் பார்த்ததும் ஈரல் கெட்டிருக்கிறது என்றார். நாங்கள் முந்தாநாள் போட்ட தீவனத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, அவரோ கோடையில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். சில செடிகளின் விஷம் ஈரலை மெல்ல அரித்து, வாரங்கள், ஏன் மாதங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டுமாம். மாற்று மருந்து கிடையாது. தீனியை உடனே மாற்றச் சொன்னார்.

கோடையில் போட்டது சரிவில் அறுத்துக் காயவைத்த புல். பக்கத்து வீட்டு ஆயா அந்தப் போரைப் பிரித்து, கைப்பிடி கைப்பிடியாக உதறி, கிலுகிலுவென்று சத்தம் வந்ததையெல்லாம் தனியே ஒதுக்கினார். கிலுகிலுப்பையின் உப்பிய காய்க்குள் விதை ஆடும் சத்தம் அது. பச்சையில் மாடு பெரும்பாலும் ஒதுக்கிவிடும். காய்ந்த புல்லோடு கலந்துவிட்டால் அதற்கு என்ன தெரியும்? காய்ந்தாலும் விஷம் போகாது. விதையில்தான் அதிகம்.

கிலுகிலுப்பையில் எந்த வகை என்று உறுதியாகச் சொன்னவர் தாவரவியல் ஆசிரியர் ஒருவர். பூவோடு பார்க்காமல் சொல்லமாட்டேன் என்று மழைக்குப் பிறகு எங்களோடு சரிவேறினார். மஞ்சள் பூவில் ஊதாக் கோடுகள், காம்படியில் அகலமான இலை போன்ற செதில்: குரோட்டலேரியா ஸ்பெக்டபிலிஸ். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிறோமே சணப்பு, அதற்குச் சொந்தம். எங்கள் பக்கம் அதிகம் கண்ணில் படாத செடி. அமெரிக்காவின் தென்பகுதியில் மண்ணை வளமாக்க இதை விதைத்து, மாடும் கோழியும் செத்ததாம். விதையிலிருந்து மோனோகுரோட்டலின் என்ற நஞ்சை 1935-இல் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

மலையெங்கும் பிடுங்கிவிடலாம் என்று நான் குதித்தேன். அவர் சம்மதிக்கவில்லை. நீலவரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளில் ஆண்கள், பெண்ணைக் கவரும் வாசனையை உண்டாக்க இந்த நஞ்சைத்தான் தேடி வருமாம். சரி, புல் அறுக்கும் இடத்தில் மட்டும் என்று முடிவானது. ஒரு பருவத்தில் முளைத்து மடியும் செடி. காய் முற்றுமுன் பிடுங்கினால் புது விதை விழாது. வேரோடு பிடுங்கிச் சுமந்து வந்த அக்காமார்கள் கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். மண்ணில் பழைய விதை கிடக்கும், அதனால் அடுத்த வருஷமும் கூப்பிடுவேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அப்புறம் பால் சங்கச் செயலாளர். நஞ்சு கொஞ்சம் பாலிலும் இறங்கும் என்பதால் பால் ஊற்றுவதை நாங்களே நிறுத்தினோம். அவர் முகம் சுளிக்கவில்லை. தீவனக் கடனுக்கும் பிடித்தம் போடாமல் விட்டுவைத்தார். அந்தப் பாக்கியை இந்த மாதத்திலிருந்து கட்டிவிடுகிறோம், அண்ணா.