புதன்கிழமை ஊசி சூளைக்கும் வரட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

புதன்கிழமைன்னா தடுப்பூசி நாள்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா எங்க சிதம்பரம் பக்கத்து கிள்ளை ஊர்ல இருக்குற இருளர் பழங்குடி ஜனங்க இறால், நண்டு புடிக்க தண்ணில எறங்கிடுவாங்க, செங்கல் சூளைக்கு போனவங்க மாசக்கணக்குல குடும்பத்தோட அங்கயே தங்கிடுறாங்க, அப்புறம் யாரு புள்ளைய தூக்கிட்டு வர்றது? தட்டம்மை ரூபெல்லா ஊசி 9 மாசத்துல ஒண்ணு, 16 மாசத்துக்கு மேல ஒண்ணு, அந்த ரெண்டாவதுதான் தவறிப்போகுது. தடுப்பூசி அட்டையோ சொந்த ஊர்ல கூரையில சொருகி கெடக்கும். அட்டை இல்லன்னு திருப்பி அனுப்பாதீங்க, விட்டுப்போன டோஸை எந்த ஊர்லயும் போடலாம், முதல்லேர்ந்து ஆரம்பிக்கவும் வேணாம். ஊசி போட்டா காய்ச்சல் வரும், கூலி போயிடும்னு பயப்படுறாங்க (நியாயம்தானே), நர்சம்மா சாயங்காலம் சூளைக்கே வந்து காய்ச்சல் மருந்தையும் கையில குடுத்துட்டு போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிதம்பரம்