எண்ணிக்கை ஏன் குறைகிறது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. டைரக்டரி சர்வர் (ஆட்கள், பிரிவுகள் பற்றிய பதிவுகளை மர வடிவில் வைத்துத் தேடித் தருவது) முழுவதும் உன் பொறுப்புக்கு வந்ததில் ரொம்ப சந்தோஷம். எல்லாவற்றையும் கொட்டித் தரும் ஸ்லாப்கேட் கோப்பில் பதிவுகளின் எண்ணிக்கை ஒன்று, சர்வரிடம் தேடிக் கேட்கும் எல்டாப்சர்ச் கட்டளையில் அதைவிடக் குறைவு, தரவு தொலைந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். பயப்படாதே, பெரும்பாலும் தொலைந்திருக்காது.

2006-இல் வந்த ஆர்.எஃப்.சி. 4512 என்ற எல்டாப் (டைரக்டரியோடு பேசும் நெறிமுறை) தரநிலை ஆவணத்தின்படி பதிவுகள் மூன்று வகை: ஆப்ஜெக்ட் பதிவு (ஆள், பிரிவு போன்றவை), அலையஸ் (இன்னொரு பதிவைச் சுட்டும் மாற்றுப் பெயர்), சப்என்ட்ரி (நிர்வாகத் தகவலை வைத்திருப்பது). மூன்றுக்கும் மரத்தில் சொந்த டி.என். (முழுப் பெயர்) உண்டு. ஒருவருக்கு மூன்று தொலைபேசி எண் இருந்தாலும் பதிவு ஒன்றுதான். அவரைக் காட்டி வேறு கிளையில் ஓர் அலையஸ் வைத்தால் இரண்டு. ரூட் டி.எஸ்.இ. பார்க்கப் பதிவு போலவே இருக்கும், ஆனால் அது சர்வரைப் பற்றிய தகவல். மரத்தில் சேராது, எண்ணாதே.

முதலில் தேடலின் முடிவில் சர்வர் தரும் ரிசல்ட் கோடைப் பார். 4 என்றால் ஒரு தேடலில் தரும் பதிவுகளின் வரம்பில் முட்டி நின்றிருக்கிறது. ஓபன்எல்டாப் சர்வரில் அமைப்பை மாற்றாவிட்டால் அந்த வரம்பு 500. ஏ.சி.எல். (யார் எதைப் பார்க்கலாம் என்ற விதிகள்) மறைத்த பதிவுகள்தான் மோசம், கோடு 0 என்றே வரும், எச்சரிக்கையே இருக்காது. ரூட்டிஎன்னாக (தடையில்லாத நிர்வாகிக் கணக்கு) பைண்ட் செய்து, அதாவது உள்நுழைந்து, எண்ணு, இரண்டு தொல்லையும் போய்விடும். தேடல் நிபந்தனையான ஃபில்டர் 'ஆப்ஜெக்ட்கிளாஸ்=*' என்றே இருக்கட்டும், அந்தப் புலம் இல்லாத பதிவே கிடையாது. 'யூஐடி=*' என்று, அதாவது பயனர் அடையாளம் உள்ளவற்றை மட்டும், தேடினால் ஓ.யூ.க்கள் (பிரிவுகளின் பதிவுகள்) விட்டுப்போகும்.

அப்படியும் குறைந்தால் என் சந்தேகம் சப்என்ட்ரி மேல்தான். ஆர்.எஃப்.சி. 3672-இன்படி சாதாரண சப்ட்ரீ (கிளை முழுவதுமான) தேடலில் அது தெரியாது. தேடலோடு சேர்த்து அனுப்பும் சப்என்ட்ரீஸ் கன்ட்ரோலை ட்ரூ என்று கொடு. ஆனால் அப்போது சப்என்ட்ரிகள் மட்டுமே வரும், மற்றவை மறைந்துவிடும். ஆகவே இரண்டு தடவை தேடிக் கூட்ட வேண்டும். ரெஃபரல் பதிவுகளும் (வேறு சர்வருக்கு வழிகாட்டுபவை) அப்படித்தான், மேனேஜ்டிஎஸ்ஏஐடி கன்ட்ரோல் இல்லாமல் வெறும் 'ரெஃப்' வரியாகத்தான் வரும்.

எல்டாப்சர்ச்சின் கடைசியில் அச்சாகும் நம்ரெஸ்பான்ஸஸை (மொத்தப் பதில்கள்) எடுக்காதே; தேடல் முடிந்தது என்ற பதிலும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பதிவுகளை மட்டும் எண்ணும் நம்என்ட்ரீஸ்தான் வேண்டும். ஸ்லாப்கேட் கோப்பில் 'டிஎன்:' என்று தொடங்கும் வரிகளை எண்ணுகிறாய் அல்லவா? கோலனுக்குப் பின் இடைவெளியையும் சேர்த்துத் தேடிவிடாதே. பெயர் தமிழில் இருந்தால் அந்த வரி பேஸ்64 குறியீடாக மாறி இரண்டு கோலனுடன் வரும், கணக்கில் விழாது.

ரிசல்ட் கோடையும் இரண்டு தேடலின் நம்என்ட்ரீஸையும் எழுதி அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்